வேண்டாம் சார் சம்மதித்த டிராக்டர்

புதிய வண்டியை நம்ப மாட்டார், பழைய வண்டியை மன்னிக்க மாட்டார். பாறசாலை தொடங்கி நெய்யாற்றின்கரை வரைக்கும் விற்பனைக்கு நின்ற எந்த வாகனமும் அவர் கண்ணில் பட்டு மானத்தோடு தப்பியது கிடையாது. நீர்ப்பாசன ஆபீஸில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். சொந்தமாக ஒரு சைக்கிள்கூட இல்லை. ஆனாலும் எங்கள் பக்கத்தில் யார் பழைய வண்டி வாங்கப் போனாலும் அவரைக் கூட்டிக்கொண்டுதான் போவார்கள். வருவார், பார்ப்பார், "வேண்டாம்" என்பார். வீட்டில் வைத்த பெயர் ரேஷன் கார்டில் இருக்கும். ஊருக்கு அவர் வேண்டாம் சார்.

நான் அவரிடம் போய்ச் சேர்ந்ததற்குக் காரணம் என் மனைவி சுதா. கொல்லயில் என்ற ஊரில் அவளுக்குப் பங்காகக் கிடைத்த தோட்டம் ஒன்று உண்டு, எங்கள் பேச்சில் விளை. தென்னைக்கு நடுவே வாழையும் மரச்சீனிக் கிழங்கும் விளைந்த மண். மம்பட்டி பிடிக்க ஆள் கிடைக்காமல் புதர் மண்டி, பாம்பு குடித்தனம் வந்துவிட்டது. பக்கத்துப் பங்கு அவள் அண்ணனுடையது. இரண்டையும் சேர்த்து விற்றால்தான் நல்ல விலை என்று அவர் பிளாட் புரோக்கர் ஒருவரைக் கூட்டிவந்து காட்டியும்விட்டார். தங்கை அழுதாள், அண்ணன் இறங்கிவந்தார். ஜூன் தொடக்கத்து இடவப்பாதி மழை தொடங்குவதற்குள் சுதா விளையை உழுது மரச்சீனி நட்டுவிட்டால் விற்கிற பேச்சே கிடையாது. நடாவிட்டால் அவள் மறுபேச்சில்லாமல் கையெழுத்துப் போட வேண்டும்.

"பழைய மினி டிராக்டர் ஒண்ணு பாருங்க. போவும்போ வேண்டாம் சாரையும் கூட்டிட்டுப் போங்க" என்றாள் சுதா.

"அவரு வேண்டாம்னுல்லா சொல்லுவாரு?"

"சொல்லட்டு. அவரு கழிச்சது போவ மிச்சம் வாறது நல்ல வண்டியா இருக்கும்லா."

அவளுடைய கணக்கு எனக்கும் சரியாகத்தான் பட்டது. மிச்சம் என்று ஒன்று வராமலே போகலாம் என்பது எங்கள் இருவருக்கும் தோன்றவில்லை.

வேண்டாம் சார் முதலில் டிராக்டரைப் பார்க்க வரவில்லை, விளையைப் பார்க்க வந்தார். கையிலிருந்த நீளக் குடையைத் தரையில் படுக்கப்போட்டுப் போட்டு, தென்னைக்கும் தென்னைக்கும் இடைவெளியை அளந்தார். கேட்டை அளந்தார். வண்டி திரும்புகிற மூலையை அளந்தார். வழியில் நின்ற என்னையும் அளந்திருப்பார், நான் விலகிக்கொண்டேன்.

"டிராக்டரு நல்லதா கெட்டதான்னு அப்புறம் பாக்கலாம் மக்கா. மொதல்ல அது இதுக்குள்ள நொழையணும்லா. நொழையாத வண்டிய வாங்கி வாசல்ல நிறுத்தி பூஜையா செய்யப் போற?"

அடுத்தது அவருடைய முதல் சட்டம். எஞ்சின் குளிர்ந்து கிடக்கும்போதுதான் வண்டியைப் பார்க்க வேண்டும். நாம் போகும்போதே சூடாக இருந்தால், காலையில் அது கிளம்ப அடம்பிடித்ததை மறைக்க விற்கிறவன் முன்கூட்டியே ஓட்டிவைத்திருக்கிறான் என்று பொருள். அதனால் முதல் பஸ்ஸில் போவோம். போனதும் வணக்கம்கூடச் சொல்லாமல் பானெட்டைத் தூக்கி எஞ்சினில் உள்ளங்கையை வைத்துக் கண்ணை மூடிக்கொள்வார். காய்ச்சல் பார்க்கிற டாக்டர் தோற்றுப்போவார்.

குளத்தூரில் ஒருவருக்கு இந்த விஷயம் தெரிந்திருந்தது. நாங்கள் போனபோது எஞ்சின் ஐஸ் மாதிரி இருந்தது.

"நோக்கு சாரே, நல்ல தணுப்பு! ஒரு கொழப்பவும் இல்லா" என்றார் வண்டிக்காரர்.

வேண்டாம் சார் குனிந்து வண்டிக்கு அடியில் பார்த்தார். மண் சொதசொதவென்று கிடந்தது. பக்கத்தில் கிணறு, கிணற்றடியில் வாளி.

"ராத்திரி மழை பெய்ததோ?"

"ஆமா சாரே, சின்ன சாரல்."

"உங்களுக்க டிராக்டருக்கு மேல மட்டுமா? வேண்டாம்."

இரண்டாவது சட்டம் சாயா. வண்டியின் பின்னால் மாட்டிய, மண்ணைக் கிளறுகிற ரோட்டவேட்டரை உயரத் தூக்கச் சொல்வார். எஞ்சினை அணைக்கச் சொல்வார். சட்டைப் பையிலிருந்து பொரிக்காத பப்படம் ஒன்றை எடுத்து, அடுக்கிய செங்கல்லின் மேல் வைத்து, கத்திகளுக்கு நேர் கீழே, விரல் நுழைகிற இடைவெளி விட்டு நிறுத்துவார். பிறகு எல்லோரையும் சாயாக் கடைக்கு அழைத்துப் போவார். திரும்பி வரும்போது பப்படம் முழுசாக இருந்தால் ஹைட்ராலிக் நல்லது. நொறுங்கியிருந்தால் கத்தி தானாக இறங்கியிருக்கிறது, உள்ளே கசிவு. ஓரிடத்தில் பப்படத்தையே காணோம். வீட்டுக்காரரின் கோழி தின்றுவிட்டது என்று எல்லோருமே பார்த்தோம். கோழி இருக்கிற வீட்டில் சோதனைக்கு நம்பகம் இல்லை என்று சொல்லி அந்த வண்டியையும் கழித்தார்.

இன்னொரு வண்டி எல்லாவற்றிலும் தேறியது. டிப் ஸ்டிக்கை முகர்ந்தார், ஆயிலில் தண்ணீர் கலக்கவில்லை. புகை வெள்ளையாகவும் வரவில்லை, கறுப்பாகவும் வரவில்லை. நான் பாக்கெட்டில் கைவிட்டேன். அவர் குடையைக் குறுக்கே வைத்தார். குடையையும் தாண்டி ஒரு சாண் வெளியே நின்றது டயர். சுதாவின் தென்னைகள் அவ்வளவு இடம் தராது. வேண்டாம்.

இதற்குள் மேற்கே மேகம் கூடத் தொடங்கியது. சுதாவின் அண்ணன் தினமும் போன் பண்ணி எங்களிடம் மழை நிலவரம் விசாரித்தார். சுதா நேரே வேண்டாம் சார் வீட்டுக்கே போய்விட்டாள்.

"சாரே, நான் என்ன வண்டியக் கல்யாணமா கழிக்கப் போறேன்? உழணும், அவ்வளவுதான்."

"கல்யாணம்னா விட்டுப் பிரியலாம் மோளே. டிராக்டரு விடாது. என்னமும் ஒடஞ்சா சாமானம் கிடைக்கணும், அத மாட்ட ஆளு கிடைக்கணும். ஒரு ஞாயிறு பொறு."

அந்த ஞாயிற்றுக்கிழமை களியக்காவிளையைத் தாண்டி ஒரு வாழைக்காரர் வீட்டில் அது நின்றது. சின்ன, நிறம் மங்கிய, பார்வைக்குப் பரிதாபமான டிராக்டர். எஞ்சின் குளிர்ந்திருந்தது, தரை காய்ந்திருந்தது. ஒரே சாவியில் கிளம்பியது. பப்படம் பிழைத்தது. குடைக்குள் அடங்கியது. கிளட்ச் மிதியின் தேய்மானமும் மீட்டர் காட்டிய மணிநேரமும் ஒத்துப்போயின. பக்கத்து வீட்டில் விசாரித்தால், மகன் வெளிநாட்டுக்குப் போய்விட்டான், ஓட்ட ஆளில்லை, அதனால் விற்கிறார்கள் என்றார்கள். வேண்டாம் சார் வண்டியை மறுபடியும் சுற்றிவந்தார். சொல்வதற்குக் குறை கிடைக்காமல் அவர் முகம் வாடிப்போனது.

"எடுக்கலாம்" என்றார்.

கேட்டதை என்னால் நம்ப முடியவில்லை. வாழைக்காரர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். நாங்கள் ஊருக்கு வருவதற்கு முன் செய்தி வந்துவிட்டது. சாயாக் கடையில் அன்றைக்கு வேண்டாம் சாரிடம் காசு வாங்கவில்லை.

அட்வான்ஸ் கொடுத்த மறுநாள் சுதாவின் அண்ணன் வந்தார். என் மொபைலில் வண்டியின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். சிரிக்க ஆரம்பித்தவர் நிறுத்தவே இல்லை.

"எலே, இது டி.என். வண்டியாக்கும்!"

ஆமாம். களியக்காவிளை தமிழ்நாடு, நாங்கள் இருப்பது கேரளம். எங்களுக்கு அது மீன் வாங்குகிற இடம், அத்தை வீடு இருக்கிற இடம், பஸ் மாறுகிற இடம். வேண்டாம் சார் தினமும் காலையில் சாளை வாங்க அங்கேதான் போகிறார். எங்கள் ரோட்டில் பாதி வண்டி கே.எல்., பாதி டி.என்., நம்பர் பலகையை யாரும் வாசிப்பதில்லை. வேறு மாநிலத்து வண்டி என்றால் அங்குள்ள ஆர்.டி.ஓ. ஆபீஸிலிருந்து ஆட்சேபணை இல்லை என்று சர்டிபிகேட் வாங்கித்தான் இங்கே பதிவை மாற்ற முடியும். அது எப்போது வரும் என்பது அந்த ஆபீஸுக்கே தெரியாது. மழையோ வாசலில் நிற்கிறது.

சாயங்காலம் வேண்டாம் சார் எங்கள் வீட்டுக்கு வந்தார். உட்காரச் சொன்னால் உட்காரவில்லை.

"எனக்குத் தப்பிப்போச்சு மக்கா. ஆயிலு பாத்தேன், டயரு பாத்தேன். ராஜ்யம் பாக்கல்ல."

அவரை அப்படிப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது. விடியற்காலையில் உள்ரோடு வழியாக ஓட்டிக்கொண்டு போங்கள், யார் கேட்கப் போகிறார்கள் என்று வாழைக்காரரும் போனில் சொல்லிப் பார்த்தார். வேண்டாம் சார் ஒப்புக்கொள்ளவில்லை. நாளைக்கு ஒரு கேடு வந்தால் இந்தப் பிள்ளை பெயரில்தான் வரும் என்றார்.

மறுநாள் முதல் அவர் அந்த ஆபீஸுக்குப் போனார். துணைக்கு லீவு போட்டு நானும் போனேன். "ஆபீசும் எஞ்சினும் ஒண்ணாக்கும். சூடாவுகதுக்கு முன்ன பாக்கணும்" என்று கதவு திறப்பதற்குள்ளேயே போய் பெஞ்சில் உட்கார்ந்துகொள்வார். சும்மா இருக்க அவரால் முடியவில்லை. ஃபேனில் பேரிங் போய்விட்டது என்றார். மேஜைக்கு ஒரு கால் குட்டை என்றார். தன் பைக்கை விற்க நினைத்திருந்த ஊழியர் ஒருவர், இதன் மதிப்பு என்ன சார் என்று ஆசையாகக் கேட்டார். வேண்டாம் சார் வாசலுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, "இத எவனும் எடுக்க மாட்டான். எடுத்தான்னா அவனப் பிடிச்சு வைங்க, நான் பாக்கணும்" என்றார். எங்கள் காகிதம் இனி இந்த ஜென்மத்தில் வராது என்று நான் எழுந்துவிட்டேன். ஆனால் அடுத்து அவர் பார்வை உள்ளே இருந்த பெரிய அதிகாரியின் நாற்காலிப் பக்கம் திரும்பியதைப் பார்த்து ஆபீஸே பயந்திருக்க வேண்டும். வேண்டாம் சாரை வெளியே அனுப்ப அவர்களுக்கும் வேறு வழி தெரியவில்லை. அன்றைக்கே கையெழுத்தாகிவிட்டது.

டிராக்டர் கொல்லயிலுக்கு வந்த அன்று வானம் கறுத்துக் கிடந்தது. சுதாவே ஸ்டியரிங்கைப் பிடித்தாள். வேண்டாம் சார் வண்டிக்குப் பின்னாலேயே நடந்து, "பய்ய, மோளே, பய்ய" என்று கத்திக்கொண்டே வந்தார். மரச்சீனிக் கம்பில் கடைசி வரிசையை ஊன்றிக்கொண்டிருந்தபோது மழை பிடித்துக்கொண்டது. சுதாவின் அண்ணன் வரப்பில் நின்று பார்த்தார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு, மிச்சமிருந்த கம்பை எடுத்துக்கொண்டு அவரும் இறங்கினார்.

விளைச்சலில் முதல் மூடு மரச்சீனியைப் பிடுங்கியதும் சுதா அதை எங்கள் வீட்டு அடுப்புக்குத் தரவில்லை. மண்ணைத் தட்டி, கழுவி, வேண்டாம் சார் வீட்டுக்குக் கொடுத்தனுப்பினாள். கொண்டுபோனது நான்தான். பஸ் வந்தும் ஏறாமல், நாலு பேர் பார்க்கட்டும் என்று தோளில் வைத்து நடந்தே போனேன்.