கிணற்றுக்குள் ஒரு தலையசைப்பு

வேன் கதவைத் திறந்த கதிர்வேல், வண்டி மாறி ஏறுகிறோமோ என்று ஒரு கணம் தயங்கினான். உள்ளே மூன்று நரைத்த தலைகள். மூன்றும் அவனைப் பார்த்து ஒரே நேரத்தில் சிரித்தன.

"ஏறு சாமி. உனக்காகத்தான் நிக்கறோம்," என்றது நடுத்தலை.

நாமக்கல் பக்கத்தில் நாற்பதாயிரம் பெட்டைக்கோழிகளுக்கு முதலாளி கதிர்வேல். ஆறு வருஷமாக அவனுக்குப் பெண் தேடுகிறார்கள். முட்டை விலை ஏறி இறங்கி ஏறியதைத் தவிர வேறொன்றும் நடக்கவில்லை. இந்தக் காலத்துப் பெண்கள் கோழிப்பண்ணைக்கு மசிவதில்லை, வேறு ஏதாவது பகட்டாகக் கைவசம் இருக்க வேண்டும் என்று தரகர் சொன்னதன் பேரில்தான் அவன் ஸ்கூபா டைவிங் கற்றுக்கொண்டான். சேலத்தில் ஓர் ஓட்டல் நீச்சல் குளத்தில் மூன்று வகுப்பு. நான்காம் வகுப்புக்கு முன்பே ரப்பர் உடையும், ஆழ்கடலிலும் மணி காட்டுகிற கடிகாரமும் வாங்கியாகிவிட்டது. கோழிகளுக்குத் தீவனம் போடும்போதும் அந்தக் கடிகாரம் கையில் இருக்கும்.

இன்று பயிற்சியாளர் செங்கோடன் எல்லோரையும் வாழப்பாடிப் பக்கம் ஒரு பெரிய கிணற்றுக்கு வரச்சொல்லியிருந்தார். கடலில் இறங்குவதற்கு முன் ஆழம் பழக வேண்டுமாம். "குரூப் டிரிப்" என்று அவர் சொன்னதும் கதிர்வேலின் மனதில் சேலத்து ஐ.டி. கம்பெனிப் பெண்கள் ஈரக்கூந்தலோடு வரிசையாகக் கிணற்று மேட்டில் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். அவர்களுக்காக மீசையைக்கூட ஒதுக்கியிருந்தான்.

வந்திருப்பதோ சாரதாமணி, அவர் கணவர் சின்னண்ணன், நாத்தனார் கண்ணாத்தாள். மூவரும் அறுபதைத் தாண்டியவர்கள். தாங்கள் போன வருஷம்தான் டைவிங் கற்றுக்கொண்டதாகக் கண்ணாத்தாள், ஏதோ வயர்கூடை பின்னக் கற்றுக்கொண்டதைப் போலச் சொன்னார்.

டிரைவர் சின்னுசாமிக்குப் பக்கத்தில் உட்காரப் போனவனை சாரதாமணி விடவில்லை. முன்னால் வெயிலடிக்கும் என்று இழுத்து நடுவில் உட்கார வைத்துக்கொண்டார். சேலம் வருவதற்குள் எந்த ஊர், எந்தக் குலக் கூட்டம், பண்ணையில் எத்தனை கொட்டகை, சிகரெட் பழக்கம் உண்டா என்று எல்லாம் கேட்டு முடித்துவிட்டார்கள். வயதானவர்களுக்கு வேறு பொழுது ஏது என்று கதிர்வேல் பொறுத்துக்கொண்டான். பதிலுக்கு, ஆழத்தில் அழுத்தம் எப்படி வேலை செய்யும் என்று சின்னண்ணனுக்கு விளக்கினான். ரிக் வண்டி வைத்து வடநாடு வரை போய் ஆயிரம் அடிக்கு போர்வெல் போட்டவர் அவர். "அப்பிடீங்களா," என்று மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்.

கிணறு ஒரு ரைஸ்மில்லையே உள்ளே இறக்கிவிடும் அகலத்தில் இருந்தது. இந்த வருஷ மழைக்குப் பச்சைத் தண்ணீர் தளும்பியது. தண்ணீருக்குள் ஜோடி ஜோடியாகத்தான் இறங்க வேண்டும், ஒருவர் கண்ணை விட்டு ஒருவர் அகலக்கூடாது என்பது செங்கோடனின் சட்டம். கதிர்வேலுக்கு ஜோடி, சாரதாமணி.

அந்த அம்மாள் கொசுவத்தை இழுத்துச் செருகுகிறவரைப் போல இடுப்புப் பட்டையை ஒரு இழுப்பு இழுத்துவிட்டுத் நீர்க்கோழி மாதிரி அமிழ்ந்து போனார். கதிர்வேல் படிக்கல்லைப் பிடித்துக்கொண்டு, மனசுக்குள் முருகனையும் பிடித்துக்கொண்டு பின்னால் இறங்கினான்.

முப்பதடி ஆழத்தில் ஒரு கல்திட்டு. அங்கே இருவரும் நின்றார்கள். வாயில் குழாய் இருப்பதால் அங்கே யாரும் எதையும் கேட்க முடியாது என்று கதிர்வேல் நிம்மதியாக ஒரு மூச்சு விட்டான். அப்போது சாரதாமணி அவனை நோக்கி விரலை நீட்டினார். பிறகு தன் கழுத்தில் தாலி கட்டுவதுபோல் மூன்று முடிச்சுப் போட்டுக் காட்டி, கையை விரித்து, ஆயிற்றா என்று கேட்டார்.

ஆறு வருஷமாகக் கல்யாண மண்டபத்திலும், வங்கியிலும், ஒருமுறை பல் பிடுங்கும் நாற்காலியிலும் கேட்கப்பட்ட கேள்வி. இல்லை என்றால் ஏன் என்று வரும். அதற்கும் இந்த அம்மாள் ஒரு சைகை வைத்திருப்பார். கதிர்வேல் ஆமாம் என்று தலையசைத்தான்.

சாரதாமணியின் வாயிலிருந்து குமிழிகள் கொத்துக்கொத்தாகக் கிளம்பின. சற்று நிதானித்து, இரு கைகளாலும் ஒரு குழந்தையைத் தாலாட்டிக் காட்டினார்.

ஒன்று என்றால் அடுத்தது எப்போது என்பார். கதிர்வேல் யோசித்து இரண்டு விரல் காட்டினான்.

உடனே மேலே போகலாம் என்று அவர் கட்டைவிரலை உயர்த்தினார்.

கரையேறியதும் மூன்று நரைத்தலைகளும் பம்ப்செட் கொட்டகைக்குப் பின்னால் கூடின. பிறகு கண்ணாத்தாள் மட்டும் வந்தார்.

"உங்கம்மாள எனக்குத் தெரியும் சாமி. கோயில்ல பாத்தா பேசிக்குவோம். ரெண்டு பேரப்புள்ளைக இருக்கறதப் பத்தி மூச்சே உடலியே?"

இந்தக் கோயிலை அவன் எதிர்பார்க்கவில்லை. "அம்மாளுக்கு இன்னும் தெரியாதுங்க," என்றான்.

சின்னண்ணன் துண்டால் காதைத் துடைத்துக்கொண்டே அருகில் வந்தார். "தெரியாம ஒண்ணுன்னாலும் பரவாயில்லீங்க தம்பி. ரெண்டு எப்பிடீங்க?"

அது காதல் கல்யாணம், பெண் பள்ளிபாளையத்துத் தறிக்காரர் மகள், பெயர் மலர்விழி, அவள் அங்கேயே இருக்கிறாள் என்று கதிர்வேல் கோர்த்துக்கொண்டே போனான். பெயர் வைத்ததும் அவனுக்கே அவள்மேல் ஒரு பிரியம் வந்துவிட்டது.

இத்துடன் முடியும் என்று நினைத்தான். சாரதாமணி கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "வேனை எடுக்கச் சொல்லுங்க. நேரா பள்ளிபாளையம் போயி, அந்தப் புள்ளையவும் கொழந்தைகளையும் கூட்டியாந்து இவங்கம்மா கையில ஒப்படைச்சாத்தான் எனக்குச் சோறு எறங்கும்."

"வேண்டாங்க," என்று கதிர்வேல் அலறாத குறை. "அவ இப்ப அங்க இல்லீங்க. கோவிச்சுக்கிட்டுப் போயிட்டா."

"எதுக்கு?"

கதிர்வேல் நாலாபுறமும் பார்த்தான். கிணறு ஒன்றுதான் தென்பட்டது. "நான் டைவிங் போறது அவளுக்குப் புடிக்கலீங்க."

"ஓகோ. பொண்டாட்டியவும் பச்சப்புள்ளைகளையும் தெருவுல உட்டுப்போட்டு, நீ கெணத்துல முங்கி வெளையாடறயாக்கும்."

அதோடு சாரதாமணி முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

மதியம் இலை போட்டார்கள். ஒரு கிணற்றுக் குளியலுக்கு இத்தனை சமையலா என்று காலையில் பாத்திரங்களைப் பார்த்து அவன் வியந்திருந்தான். வடை, பாயாசம், லட்டு எல்லாம் அவன் இலையை ஒட்டியே கடந்து சின்னுசாமியின் இலையில் இறங்கின. கதிர்வேலுக்குச் சோறும் ரசமும் கிடைத்தன. ரசமும் கேட்ட பிறகுதான்.

சாயங்காலம் இரண்டாவது முறை இறங்கும்போது அவனுக்கு ஜோடியாக யாரும் வரவில்லை. சின்னண்ணனுக்குக் காது வலி. கண்ணாத்தாளுக்கு ஏப்பம். சட்டம் சட்டம்தான் என்று செங்கோடன் கையை விரித்தார். ரப்பர் உடையில் அவிந்தபடி கிணற்று மேட்டில் தனியாக உட்கார்ந்திருந்த கதிர்வேலுக்கு, காலையில் தோள்மேல் விழுந்து விழுந்து விசாரித்த அந்த நரைத்தலைகளைக் கொஞ்சம் தேடவே செய்தது. ஆழ்கடல் கடிகாரத்தில் மணி மெதுவாகப் போயிற்று.

திரும்பும் வழியில் பெரியவர்கள் மூவரும் சேலம் செவ்வாய்ப்பேட்டையில், உறவினர் கடையருகே இறங்கிக்கொண்டார்கள். சாரதாமணி போனவர், திரும்பி வந்து ஜன்னல் வழியாக அவன் தலையில் கை வைத்தார்.

"அந்தப் புள்ள கால்ல உழுந்தாச்சும் கூட்டியாந்துரு சாமி. குடும்பந்தான் பெருசு."

வேன் நாமக்கல் சாலையைப் பிடித்ததும் கதிர்வேல் முன் சீட்டுக்குத் தாவினான். இப்போதுதான் அவனுக்கு மூச்சு வந்தது. சின்னுசாமியிடம் எல்லாவற்றையும் சொல்லிச் சிரித்தான். மலர்விழி கிடையாது. பள்ளிபாளையம் கிடையாது. தாலியாவது பிள்ளையாவது.

"பெருசுக வாயை அடைக்கறதுக்கு ஒரு தலையாட்டு போதுமுங்கண்ணா. என்ன சொல்றீங்க?"

சின்னுசாமி வண்டியை மெதுவாக ஓரங்கட்டி, என்ஜினை நிறுத்தி, அவன் பக்கம் திரும்பினார்.

"எங்க சாரதாமணியம்மா மக அந்தமான்ல டைவிங் சொல்லித் தருதுங்க, தண்ணிக்குள்ள எறங்கற மாப்பிள்ளையத்தான் கட்டுவேன்னு அது ஒத்தக்கால்ல நின்னதுனாலதானுங்க, மூணு பேரும் இந்த வயசுல முங்கக் கத்துக்கிட்டு, இன்னைக்கு உங்கள மாப்பிள்ளை பாத்துப் பேசி முடிக்கறதுக்கு வந்தாங்க."