முள் அசையாத சிலிண்டர்

மூன்று வாரமாக முள் அசையவே இல்லை. சமையல் கேஸ் சிலிண்டரின் வாயில் தன் கையாலேயே மாட்டிய அழுத்தமானியைக் குனிந்து பார்த்த வேதியியல் ஆசிரியருக்குப் பெருமை தாங்கவில்லை.

“கேஸ் பாதி தீர்ந்தா முள்ளும் பாதிக்கு இறங்கணும். இது இறங்கவே இல்லை. நீ அவ்வளவு சிக்கனம்” என்றார் மனைவியிடம்.

“தினம் மூணு வேளை சமைக்கிறேங்க. எனக்கென்னவோ இது சரியாப் படலை. இன்னிக்கு எங்க அப்பா முதல் தடவையா இங்க சாப்பிட வர்றார். வீட்டுக்குள்ள ஆராய்ச்சி பண்றவங்களைக் கண்டாலே அவருக்கு ஆகாது. உங்களை மாப்பிள்ளையா வேண்டாம்னு சொன்னதும் அதனாலதான்.”

“இன்னிக்கு அவர் வாயாலேயே என்னைப் பாராட்டுவார், பாரு.”

அந்தத் தெம்பில், கேஸ் தீர்ந்துபோய் வந்து நின்ற பக்கத்து வீட்டுக்காரரிடம் மாற்றுச் சிலிண்டரைத் தூக்கிக் கொடுத்தும்விட்டார்.

சோறு பாதி வெந்திருந்தபோது அடுப்பு அணைந்தது. முள் அப்போதுதான் சர்ரென்று இறங்கியிருந்தது.

பக்கத்து வீட்டுக்கு ஓடினார். பூட்டியிருந்தது. மாடி வீட்டில் மின் அடுப்பை இரவல் வாங்கி வந்து செருகினார். ஃபியூஸ் போனது. மின்விசிறியும் நின்றது. அந்த நேரம் பார்த்து மாமனாரும் மாமியாரும் உள்ளே நுழைந்தார்கள்.

“என்ன மாப்பிள்ளை, வாசனையே காணோம்?” என்றார் மாமனார், கைக்குட்டையால் விசிறிக்கொண்டு.

மனைவி கண்ணாலேயே எரித்தாள். ஆசிரியருக்கோ வேறு கவலை. இந்த முள் ஏன் இத்தனை நாள் அசையாமல் இருந்தது? யோசித்தவர் சட்டென்று நெற்றியில் அடித்துக்கொண்டார்.

“மாமா, கேஸ் துகள்கள் ஒண்ணையொண்ணு கண்டுக்காதுன்னு வச்சுக் கணக்குப் போட்டுட்டேன். நிஜத்துல அதுங்க ஒண்ணையொண்ணு இழுக்கும். நெருக்கி அடைச்சா ஒட்டிக்கிட்டுத் திரவமாயிடும். நாம எரிக்க எரிக்க அந்தத் திரவம் ஆவியாகி ஈடுகட்டும். அது தீர்ற வரைக்கும் முள் அசையாது. பரீட்சையில இதை எழுதாத பிள்ளைங்களுக்கு நான் முட்டை போட்டிருக்கேன்.”

 மாமனார் எழுந்து சமையலறைக்குப் போய் அந்த முள்ளையே உற்றுப் பார்த்தார். முகம் சிவந்துபோயிற்று. பாராட்டாவது ஒன்றாவது, இனி இந்தப் படியையே மிதிக்கமாட்டார் என்று ஆசிரியர் கூனிக்குறுகி நின்றார்.

மாமியார்தான் சிரிப்பை அடக்க முடியாமல் வாயைப் பொத்திக்கொண்டார்.

“கவலைப்படாதீங்க மாப்பிள்ளை. எங்க அப்பா முதல் தடவையா எங்க வீட்டுக்குச் சாப்பிட வந்தப்ப, இதே மாதிரி ஒரு முள்ளை மாட்டி அவரைப் பட்டினியா அனுப்பினது இவர்தான்.”