தேதி நைனாவும் முனுசாமியின் கழுதையும்

ராயபுரம் ஸ்டேஷன் வாசலில் தேதி நைனாவைக் கேட்காமல் எந்தக் குதிரையும் குட்டி போட்டதில்லை. கொஞ்சம் அதிகப்படியான பேச்சுதான். ஆனால் ஜட்காக்காரர்கள் அப்படித்தான் நம்பினார்கள். சுதந்திரம் வந்த புதிது. நான் துறைமுகத்துக்கு எதிரே ஒரு கப்பல் கம்பெனியில் குமாஸ்தா. நைனா குதிரைகளுக்கு லாடம் அடிப்பவர். அவருடைய சொந்தப் பெயர் அவருக்கே நினைவிருந்ததா என்பது சந்தேகம்.

சினைக் குதிரையின் காம்பிலிருந்து ஒரு சொட்டு எடுத்து இரண்டு விரலுக்கு நடுவே தேய்ப்பார். தண்ணீராக ஓடினால், "இன்னும் கொஞ்ச நாள் கீது, போ." பிசின் மாதிரி ஒட்டினால், "வண்டிய அவுறு. நாளைக்குள்ள போட்ரும்." அவிழ்த்தால் அன்றைக்கு வீட்டில் அடுப்பு எரியாது. அப்படியும் அவிழ்ப்பார்கள். அவர் சொல் தப்பியதே இல்லை.

அந்தப் பேரைக் கெடுத்தது ஒரு கழுதை. எங்கள் தெருவுக்குத் துணி வெளுக்கும் முனுசாமி அதுவரை ஆண் கழுதைகளையே வைத்திருந்தவர். கடைசிக் கழுதையும் செத்துப்போய், புதிதாக வாங்கிய ஒரே பெட்டைக் கழுதை சினையாகி நின்றது. மடியைத் தொடப்போன நைனாவை அது இரண்டு முறை உதைத்தது. மனிதர் எட்ட நின்று, சினையான மாதத்தை மட்டும் விசாரித்து, குதிரைக் கணக்கில் பதினோரு மாதம் என்று தேதி சொல்லிவிட்டார். கழுதைக்கு ஒரு வருஷம் ஆகும், சமயத்தில் அதற்கு மேலும் ஆகும் என்பது இரண்டு பேருக்குமே தெரியாது.

தேதி வந்தது, போனது. பாரமில்லாமல் நின்ற கழுதை தின்று கொழுத்தது. பத்தாம் நாள் முனுசாமி பொறுமை இழந்து மூட்டையைத் தூக்கினார்.

"இன்னா நைனா, குட்டி குட்டின்னியே. வவுத்துல வெறும் காத்துதான் கீது."

"ஏத்தாத முனுசாமி. உள்ள உசுரு கீது, பாரம் ஏத்துனா செத்துப்பூடும். கணக்குத் தப்பாப் போட்டவன் நானு. அதுக்கு இன்னாத்துக்கு அது செமக்கணும்?"

மூட்டையைப் பிடுங்கித் தன் முதுகில் போட்டுக்கொண்டார். அன்றிலிருந்து காலையில் சலவைத் துறை, மத்தியானத்துக்கு மேல் லாடம். ஜட்கா ஸ்டாண்டே சிரித்தது.

"நைனா, உனுக்கு எப்போ தேதி?"

"கழுதையக் கேட்டுச் சொல்றேன்" என்பார், குனிந்தபடியே.

மூன்று வாரம் கழித்து ஒரு மத்தியானம் துறையிலிருந்து ஈர மூட்டையோடு அவர் திரும்பியபோது, கால் நடுங்க ஒரு குட்டி நின்றுகொண்டிருந்தது. நைனா மூட்டையை இறக்க மறந்து பார்த்துக்கொண்டே இருந்தார்.

"எப்போ போட்ச்சு?" என்று கேட்டார்.

"இப்பத்தான் நைனா" என்றார் முனுசாமி. "மொதல்ல மூட்டைய எறக்கு."

கேலி செய்தவர்களில் நானும் ஒருவன். ஆனாலும் அந்த மூன்று வாரமும் முனுசாமிக்கு நான் துணி போடவில்லை. காலர் கறுத்த சட்டையைப் பார்த்து மேனேஜர் ஏனென்று கேட்டபோது, சோம்பேறித்தனம் சார் என்று திட்டு வாங்கிக்கொண்டேன். நைனாவின் முதுகில் என் சட்டையும் ஏற வேண்டாமே என்று அன்று நினைத்ததை, இப்போதுதான் சொல்கிறேன்.