குரங்குக்கு வைத்த இரண்டு வெடி

விராஜ்பேட்டைக்கு மேற்கே, நம் வீடு.
புதன்கிழமை.

அன்பும் பொறுமையும் அவற்றைவிடக் கொஞ்சம் அதிகமாகக் கோபமும் நிறைந்த என் மனைவி தேச்சம்மாவுக்கு, ஓய்வுபெற்ற சுபேதார் மாச்சய்யா எழுதிக்கொள்வது. காவேரித் தாயின் அருளாலும் இக்குத்தப்பன் காவலாலும் இங்கே நானும் மாடுகளும் நாயும் கோழிகளும் நலம். மைசூரில் நீயும், உன் புது இடுப்பெலும்பும், மகள் குசுமாவும், மாப்பிள்ளையும் நலமாக இருக்க வேண்டுகிறேன். இதையெல்லாம் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நான் பாதி வாக்கியம் சொன்னதும் மீதியை நீ முடித்துவிடுகிறாய், அதுவும் தப்பாக முடிக்கிறாய். ஆகவே கடிதம்.

முதலில் முக்கியமான செய்தி. ஊரிலிருந்து யார் போன் பண்ணி என்ன சொன்னாலும் நம்பாதே. நீ சாகவில்லை. இதை நான் ஊர் முழுக்க விளக்கிவிட்டேன். அப்பங்களத்துக்காரர்கள் மட்டும் பாக்கி, அவர்களுக்கும் நாளைக்குள் சொல்லிவிடுவேன்.

எப்படி ஆரம்பித்தது என்று சொல்கிறேன், குறுக்கே பேசாமல் படி. முற்றத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிற குளியலறைக்கு மழையில் போய் நீ வழுக்கி விழுந்தாயே, அன்றைக்கு ஜீப்பில் ஏற்றும்போது, "இந்த வீட்டுக்கு இனிமே என் பொணம்கூட வராது"ன்னு சொன்னாய். வலியில் சொல்கிறாய் என்று நினைத்தேன். ஆபரேஷன் முடிந்தபின் குசுமா வலி எதுவும் இல்லாமலே அதையே சொன்னாள். "அப்பா, அது வீடா, கோட்டையா? படி ஏறணும், நிலைப்படி தாண்டணும், குனிஞ்சு அடுப்பு ஊதணும், நனைஞ்சுகிட்டே கக்கூஸ் போகணும். அம்மாவை நான் அனுப்பமாட்டேன். வித்துட்டு நீங்க இங்க வாங்க." நான் வாதாடவில்லை. நேரே போய் பீரான் மேஸ்திரியைக் கூட்டிவந்தேன். புத்தரி அறுவடைப் பண்டிகைக்குள் இந்த வீட்டை உன் இடுப்புக்குத் தக்கபடி மாற்றிவிட்டால் நீ திரும்பி வருவாய், மாற்றாவிட்டால் வரமாட்டாய், எனக்குத் தெரிந்த கணக்கு இவ்வளவுதான். புதுக்கதிரை அறுத்துக்கொண்டு நான் உள்ளே வரும்போது விளக்கோடு எதிரே நிற்க நீ இல்லையென்றால் கதிரை யார் கையில் கொடுப்பேன், நாய் கையிலா?

சரி, வேலை. நெல் போட்டுவைக்கிற சின்ன அறையைக் கழிப்பறை ஆக்குவது என்று முடிவாயிற்று. உட்கார்ந்து எழும் கோப்பை வாங்கப் பீரான் டவுனுக்குப் போனார். வந்தது கிளிப்பச்சை நிறம். "என்னய்யா இது?" என்றேன். "கடையில வெள்ளை இல்லை சுபேதாரே. பார்க்கப் பார்க்கப் பழகிரும்." "நான் எதுக்கய்யா அதைப் பார்த்துகிட்டே இருக்கணும்?" என்று கத்தினேன். கழிவுக் குழாய் பதித்து முடியட்டும் என்று அதை முற்றத்தில் சாக்கைப் போட்டு மூடி வைத்தோம். பத்து நாள் கழித்துச் சாக்கை எடுத்தால், உன் செல்லப் புள்ளிக்கோழி உள்ளே உட்கார்ந்து அடைகாக்கிறது! பீரான் கையை விட்டார், கட்டைவிரலில் கொத்து வாங்கினார், துணி சுற்றிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். "அது தானா எழுந்திருக்கிறவரை நான் தொடமாட்டேன்." "ஒரு கோழிக்காக வேலை நிக்கணுமா?" "அந்தம்மா வளர்த்த கோழி, அந்தம்மா குணம்தானே இருக்கும்?" என்கிறார், என் வீட்டில் நின்றுகொண்டு! குஞ்சு பொரிக்கும்வரை காத்திருந்தோம். எல்லாக் குஞ்சும் நலம். கோப்பையைக் கழுவியாகிவிட்டது, நீ முகம் சுளிக்க வேண்டாம்.

அதற்குள் அடுக்களை. இனி நீ குனிய வேண்டாம் என்று நின்றுகொண்டே சமைக்க மேடை போடச் சொன்னேன். "அம்மா எவ்வளவு உயரம்?" என்று பீரான் கேட்டார். முழித்தேன். கல்யாணம் ஆகி இத்தனை காலம், உன் உயரம் தெரியவில்லை எனக்கு. என் துப்பாக்கியின் நீளம் தெரியும். அப்புறம் கண்ணை மூடி யோசித்துவிட்டு, என் நெஞ்சில் கையை வைத்து, "அவ தலை இங்க வரும்" என்றேன். அவர் சிரிக்கவில்லை. அங்கே நாடாவைப் பிடித்து, தரைவரைக்கும் அளந்து, அதில் பாதிக்குக் கொஞ்சம் மேலே சுண்ணாம்பால் கோடு போட்டார். மேடை அந்தக் கோட்டில்தான் நிற்கிறது, ஒரு விரல் கூடக்குறைய இருந்தால் நீ கொஞ்சம் ஒத்துப்போ. எனக்குத்தான் அன்றைக்கு மத்தியானம் சோறு இறங்கவில்லை, காரணம் கேட்காதே.

இப்போது திங்கட்கிழமைக்கு வருகிறேன். கழிப்பறைக்குத் தரை பூசி, ஈரம் காயட்டும் என்று கதவைத் திறந்து வைத்துவிட்டுப் பீரான் டீ குடிக்கப் போனார். ஒரு கூட்டம் குரங்கு, தேச்சி! வரிசையாக உள்ளே போய், ஈரச் சிமெண்டில் நடந்து, உட்கார்ந்து, ஒன்று புரண்டுகூடப் படுத்து, வெளியே வந்து கூரைமேல் ஏறி உட்கார்ந்து என்னைப் பார்த்துப் பல்லை இளித்தன. உன் தரை! எனக்கு வந்ததே ஆத்திரம். துப்பாக்கியை எடுத்து வானத்தைப் பார்த்து ஒன்று விட்டேன். குரங்குகள் அசையவில்லை. சுட்ட சூட்டோடு இன்னொன்றும் விட்டேன். ஓடின. நானும் பெருமையாக நின்றேன். பிறகுதான் செய்த காரியம் உறைத்தது. நம் ஊரில் ஒரு வெடி என்றால் ஆண்பிள்ளை பிறந்திருக்கிறது, அடுத்தடுத்து இரண்டு என்றால் சாவு. ஒன்றோடு நிறுத்தியிருந்தாலும் இந்த வயதில் நமக்குப் பிள்ளை பிறந்ததாக ஊர் சிரித்திருக்கும். அந்த மானக்கேட்டுக்கு இது தேவலை என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

பெண்டாட்டி ஆபரேஷன் ஆகி மைசூரில் படுத்திருக்கிறாள், வீட்டிலிருந்து இரண்டு வெடி கேட்கிறது. ஊர் வேறென்ன நினைக்கும்? முதலில் பக்கத்துவீட்டு நீலம்மா, தலையிலடித்துக்கொண்டு வந்தாள். "போயிட்டாளா அண்ணே, என் தேச்சி போயிட்டாளா!" "இல்லம்மா, அவ உயிரோட இருக்கா" என்றேன். "ஆமா அண்ணே, நம்ம மனசுல எப்பவும் உயிரோடதான் இருப்பா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதாள். "குரங்குக்கு வெடி வெச்சேம்மா" என்றேன். "அதிர்ச்சியில என்னென்னமோ பேசறாரு, யாராச்சும் தண்ணி குடுங்க" என்றாள். அதற்குள் வெள்ளை உடுப்பில் ஆட்கள் வரிசையாக ஏறி வருகிறார்கள். தோளில் கோடாலி, மண்வெட்டி. விறகு வெட்டவும் ஆகவேண்டியதைப் பார்க்கவும் எல்லாரும் தோட்டவேலையைப் போட்டது போட்டபடி வந்துவிட்டார்கள். சோறும் குழம்பும்கூட வந்துவிட்டது. நான் வாயைத் திறக்கும்போதெல்லாம் யாராவது ஒருவர் என்னைக் கட்டிப்பிடித்து வாயை அடைத்தார்கள்.

நீ எவ்வளவு நல்லவள் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. நீ கைராசிக்காரியாம், உன் கையால் வைத்த காபிச்செடி பட்டுப்போனதே இல்லையாம், உன்னைப்போல மனசு வேறு யாருக்கும் வராதாம். இதில் பாதியை நீ இருக்கும்போது சொல்லியிருந்தால் நீயும் அவர்களை நாலு வார்த்தை குறைத்துத் திட்டியிருப்பாய்.

அப்போதுதான் உன் அண்ணன் உத்தய்யா வந்தான். ஆமாம், உத்தய்யாதான். கைல்போது பண்டிகைச் சுடும் போட்டியில் மர உச்சியில் கட்டிய தேங்காய் என் குண்டில் உடைந்ததா அவன் குண்டில் உடைந்ததா என்று சண்டை போட்டு, "உன் வாசலை மிதிக்கமாட்டேன்"னு போனவன், நாலு வருஷமாக மிதிக்காதவன், செருப்பில்லாமல் ஓடி வந்தான். படியில் தடுக்கி விழுந்தான். எழுந்து என்னைக் கட்டிக்கொண்டு, "மச்சான், என் தங்கச்சிய ஒரு தடவ வந்து பார்க்காம விட்டுட்டேனே" என்று சின்னப்பிள்ளைபோல அழுதான். நான் மட்டும் பட்டாளத்துக்காரன் மாதிரி விறைப்பாக நின்றேன். "அவ சாகலடா மடையா" என்று அவன் காதில் கத்தினேன். அவன் அழுகையை நிறுத்தி என்னைப் பார்த்தான். பிறகு குசுமாவுக்குப் போன் போட்டு எல்லாரும் கேட்கிற மாதிரி வைத்தான். "அம்மாவா? தூங்கறாங்க மாமா" என்றாள். அவ்வளவுதான், முற்றமே அலறியது. "எந்தத் தூக்கம்னு கேளு!" என்று நீலம்மா தரையில் விழுந்தாள். அப்புறம்தான் உன் குரல் வந்தது. திங்கட்கிழமை பகல், "யாருடி அது, மனுஷிய நிம்மதியா தூங்கக்கூட விடமாட்டாங்களா?" என்று கத்தினாயே, நினைவிருக்கிறதா? அதை ஊரே கேட்டது. கைதட்டினார்கள். நீலம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு முதலில் கேட்ட கேள்வி, "அப்போ என் பித்தளை அண்டாவ எப்பத் திருப்பித் தருவா?"

உத்தய்யா என் முதுகில் ஒரு குத்து விட்டான். இன்னும் வலிக்கிறது. பிறகு தான் விழுந்த அந்தக் கல்படியைத் திரும்பிப் பார்த்தான். "இதுல ஏறியா என் தங்கச்சி வரணும்?" "அதைத்தாண்டா நானும் பீரானும் யோசிச்சுகிட்டிருக்கோம்." "யோசிக்கிறாங்களாம். இத்தன பேரு மண்வெட்டியோட சும்மா நிக்கறோம், வேலைக்கும் இன்னிக்கு லீவு. வந்தது வந்தாச்சு, மண்ணை அள்ளுங்கடா!" என்றான். சாவுக்கு வந்தவர்கள் வேட்டியை மடித்துக் கட்டினார்கள். படியையெல்லாம் மண்ணைக் கொட்டி மூடி, சக்கரநாற்காலியே போகிற மாதிரி வழவழவென்று ஒரு சரிவு போட்டார்கள். கழிப்பறைத் தரையைப் பீரான் மறுபடி பூசினார், சுவரில் நீ பிடித்து எழக் கம்பி வைத்தார். நீலம்மா வீட்டிலிருந்து பன்றிக்கறியும் கடம்புட்டு அரிசி உருண்டையும் வந்தது. பொழுது சாயும்போது வெள்ளை உடுப்பு ஒன்றுகூட வெள்ளையாக இல்லை. உத்தய்யா நம் அடுக்களையில் உட்கார்ந்து மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டான். தேங்காய் அவன் குண்டில்தான் உடைந்ததாம், இன்னும் சொல்கிறான்.

ஆகவே வீடு தயார். புத்தரிக்கு முன்னால் நீ வந்து சேர வேண்டும், இது உத்தரவு. நான் மைசூருக்கு வரமாட்டேன், விற்கவும் மாட்டேன். அந்த மூன்றாம் மாடியில் காலையில் எழுந்தால் பார்ப்பதற்கு எதிர்வீட்டுக்காரன் பனியன்தான் இருக்கிறது. குசுமாவுக்கும் மாப்பிள்ளைக்கும் என் ஆசீர்வாதம், பேரப்பிள்ளைகளுக்கு முத்தம், உன் டாக்டருக்கு வணக்கம். குலதெய்வமும் முன்னோரும் உன்னை நடக்க வைக்கட்டும்.

இப்படிக்கு,
உன்
மாச்சய்யா

பி.கு.: மேலே சரிவைப் பற்றி எழுதியதை அடித்துவிடு. கையெழுத்துப் போட்டு முடிக்கிற நேரத்துக்குப் பிடித்த மழை சாயங்காலம்வரை விடவில்லை. சரிவு முழுக்கக் கரைந்து உத்தய்யாவின் வயலுக்குப் போய்விட்டது. பார்க்கப் போய் நானும் வழுக்கி உட்கார்ந்தேன், எலும்பு சரியாகத்தான் இருக்கிறது. இனி கல் வைத்துத்தான் கட்ட வேண்டும், புத்தரிக்குள் முடியாது என்று பீரானும் உத்தய்யாவும் ஒரே குரலில் சொல்கிறார்கள். விறைப்பாக நின்றேன் என்று எழுதியதையும் அடித்துவிடு. நீ மைசூரில் இருக்கிறாய் என்று எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும், எல்லாரும் சேர்ந்து அழுதபோது ஒரு நிமிஷம் நானும் நம்பிவிட்டேன். அந்த ஒரு நிமிஷம் வீட்டுப்பக்கம் திரும்பினேன். புது மேடை இருக்கிறது, பச்சைக் கோப்பை இருக்கிறது, எதற்கு இருக்கிறது என்றே விளங்கவில்லை. உத்தய்யாவைவிடச் சத்தமாக அழுதேன் தேச்சி. மைசூர் வரமாட்டேன் என்றதையும் அடித்துவிடு, காலை பஸ்ஸில் நானே வருகிறேன். மாடுகளும் கோழிகளும் நீலம்மா பொறுப்பு, துப்பாக்கியை உன் அண்ணன் பிடுங்கிக்கொண்டான். கல்வேலை முடிந்ததும் இரண்டு பேரும் சேர்ந்தே வீட்டுக்குத் திரும்புவோம். இதைத் தபாலில் போட்டால் எனக்குப் பின்னால்தான் வந்து சேரும், அதனால் கையிலேயே கொடுத்திருக்கிறேன். படித்துவிட்டாயா? கண்ணாடியைக் கழற்றிவிட்டு நிமிர்ந்து பார், எதிரேதான் உட்கார்ந்திருக்கிறேன். திட்டுவதானால் திட்டு. போ என்று மட்டும் சொல்லிவிடாதே.