எலுமிச்சை வழக்கும் ஈரப் பாறையும்

அன்புள்ள தங்கை மெர்லுக்கு,

நான் நலம். நீயும் உன் புது முழங்காலும் நலமா? மரியாதை இத்துடன் முடிந்தது.

"மலைப்பக்கம் போயிட்டு வாண்ணே, கோபம் தணியும்" என்றவள் நீதான். பக்கத்து வீட்டு ட்ரெவர், வேலி தாண்டிய கிளையை வெட்டலாம் என்று சட்டம் பேசி, என் எலுமிச்சை மரத்தை வகிடெடுத்ததுபோல் பாதியாக்கிவிட்டான். நான் போட்ட வழக்குக்குப் புதன்கிழமை விசாரணை, நீதான் சாட்சி. இந்த நிலையில் நான் கிர்ரவீன் தேசியப் பூங்காவின் பாறை மலைக்குப் போனேன். 'பாறை நனைந்திருந்தால் ஏறாதீர்' என்று பலகை இருந்தது. அது நகரத்துக்காரர்களுக்கு என்று எடுத்துக்கொண்டேன். பாதி ஏறியதும் தூறல், வழுக்கல், ஒரு சிறு விளிம்பில் நான், கீழே பிடித்துக்கொள்ள ஒரு புல்கூட இல்லாத கிரானைட். வேறு வழியின்றி அவசர உதவியை அழைத்தேன்.

நம் ஊர் மீட்புப் படையில் யார் இருக்கிறார்கள்? சம்பளமில்லாத தொண்டர்கள். ஆரஞ்சு உடையில் கசாப்புக் கடை லைல் கீழே நின்றான். கயிற்றில் தொங்கியபடி என்னிடம் வந்தது ட்ரெவர்.

"வேற ஆள் இல்லையா?" என்றேன்.

"பல் டாக்டர் இருக்காரு. அவருக்கு உயரம்னா பயம். வரச் சொல்லவா?"

"வேண்டாம்."

"அப்ப என் இடுப்பைக் கட்டிப் புடிச்சுக்க, நெவில். இன்னும் இறுக்கமா. உன் கோபத்தையெல்லாம் கையில காட்டு."

அந்த மனிதனைக் கட்டிக்கொண்டே இறங்கினேன். பாதியில், "குளவி முட்டை வச்சு கிளையெல்லாம் வீங்கிக் கிடந்துச்சுய்யா, மரமே போயிடும், அதான் வெட்டினேன். சரிதானே?" என்கிறான். அந்தரத்தில் தொங்கிக்கொண்டு எப்படி வாதாடுவது? "சரி" என்றேன்.

"சரின்னுட்டாரு! நான் கேட்டேன்!" என்று கீழிருந்து லைல் கத்தினான்.

மெர்ல், கயிற்றில் கட்டி வாங்கிய ஒப்புதல் செல்லாது. விடமாட்டேன். புதன்கிழமை நல்ல தொப்பியாகப் போட்டுக்கொண்டு வந்து சேர்.

உன் கோழிகளுக்கு என் ஆசி.

கொதிப்புடன்,
அண்ணன் நெவில்

பி.கு.: புதன்கிழமை வராதே. மரத்தைப் போய்ப் பார்த்தேன், மிச்சக் கிளையிலும் வீக்கம், குளவிதான். மீதிக் கிளைகளையும் ட்ரெவரே வெட்டித் தருகிறான். சனிக்கிழமை வா. மீட்புப் படைக்கு நிதி திரட்ட இரும்புக்கடை வாசலில் சாசேஜ் சுட்டு ரொட்டியில் வைத்து விற்கிறோம். வெங்காயம் வதக்குவது நான், ரொட்டிக்கு வெண்ணெய் தடவுவது அவன். போன வருஷம் நிதி திரட்டியபோது விரல் தடிமனுக்குத் தடவினான். அதை அவன் வீட்டுக்கே போய் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டேன். தேநீர் கொடுத்தான். அதில் பால் அதிகம்.