நாற்பத்தொன்று காட்டிய பெட்டி

எல்லா நடைமுறையும் தெரிந்தவர் என்று பெயரெடுத்த ஆளோடு வீடு வாங்கக் கிளம்பாதீர்கள். என் மனைவி விசாலத்துக்கு வேறு வழியில்லை. அந்த ஆளைத்தான் அவளுக்குக் கட்டிவைத்திருந்தார்கள்.

ஒரு தொழிற்சாலையின் தர ஆய்வுப் பிரிவில் முப்பத்திரண்டு வருடம் குற்றம் கண்டுபிடித்து ஓய்வு பெற்றவன் நான். அதன் பிறகு பூந்தமல்லி, ஆவடிப் பக்கம் பதினோரு வீடுகளைப் பார்த்துப் பதினொன்றையும் நிராகரித்தேன். பன்னிரண்டாவது பாரிவாக்கத்தில், முனுசாமியின் வீடு. அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டுகிறவர், மகனோடு இருக்க ஓசூர் போகிறார். தனி வீடு, பின்னால் ஒரு முருங்கை. விசாலம் சமையலறை ஜன்னலைத் திறந்து வெகுநேரம் நின்றாள். வெளியே வந்ததும் சொன்னாள்: "இதையும் வேண்டாம்னு சொன்னீங்கன்னா, இனிமே உங்களோட வீடு பார்க்க வரமாட்டேன். வாடகை வீட்டிலயே இருந்துட்டுப் போறேன்." அவள் குரலை உயர்த்தாமல் சொன்னதுதான் பயமாக இருந்தது.

பத்திரங்களில் ஒரு குறையும் இல்லை. அதுவே எனக்குச் சந்தேகமாகப் போயிற்று.

அமெரிக்காவில் வீடு வாங்கியிருந்த மகள் வித்யா அதற்கு முன்பே ரேடான் பற்றிச் சொல்லியிருந்தாள். மண்ணிலும் பாறையிலும் இருக்கும் யுரேனியம் சிதைவதால் உண்டாகும் வாயு. தரை விரிசல் வழியாக ஏறும். வருடக்கணக்கில் சுவாசித்தால் நுரையீரலில் புற்றுநோய் வரலாம். அங்கே வீடு வாங்குமுன் சோதிப்பார்கள். நாலைத் தாண்டினால் சரிசெய்யச் சொல்வார்கள். "நம்ம ஊர்ல ஜன்னல் திறந்தேதான் கிடக்கும், கவலைப்படாதீங்கப்பா" என்றும் சொன்னாள். (அதை மட்டும் நான் குறித்துக்கொள்ளவில்லை.) விடுமுறைக்கு வந்தபோது அவளிடமிருந்த அளவைப் பெட்டியைக் கேட்டு வாங்கி வைத்திருந்தேன்.

சோதனைக்கு வீட்டை இரண்டு நாள் இறுக்க மூட வேண்டும். முனுசாமியிடம் சொன்னேன்.

"பட்டா பாத்தீங்க. தண்ணிய பாட்டில்ல புட்ச்சிகினு போனீங்க. இப்ப காத்தயும் பாக்கணுமா சார்?"

"நடைமுறைங்க."

"இன்னொரு பார்ட்டி ரெடியா கீறாரு. மூணு நாள்ல நீங்க சொல்லலேன்னா அவருக்குத்தான்."

அவர் குடும்பத்தோடு மாங்காட்டில் மைத்துனர் வீட்டுக்குப் போக, சாவி என் கைக்கு வந்தது. ஜன்னல்களை நான் மூடுவதைப் பக்கத்து வீட்டுக் கஸ்தூரி பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இன்னா சார், ஊட்ட சாத்திகினு இன்னாத்த தேடறீங்க?"

"தரைக்கு அடியிலேருந்து ஒண்ணு வரும்மா. கண்ணுக்குத் தெரியாது, வாசனை கிடையாது. தூங்கறப்ப நெஞ்சுக்குள்ள இறங்கும்."

"அத்துக்கு நாங்க வேற பேரு வச்சிகீறோம் சார்" என்று சொல்லிவிட்டுப் போய், தன் ஜன்னலைச் சாத்திக்கொண்டார்.

யாராவது கதவைத் திறந்து முடிவைக் கெடுத்துவிடக் கூடாதே என்று நானே உள்ளே தங்கினேன். மே மாதம். மின்விசிறி ஓடலாம் என்று கையேட்டில் இருந்தது. கூடுதல் கறாராக இருக்கட்டும் என்று அதையும் நிறுத்தினேன். பெட்டியை ஒரு முக்காலியின் மேல் வைத்தேன். அது அமெரிக்க அலகில் இருந்தது. பன்னாட்டு அலகுதான் முறை என்று மாற்றிவிட்டு, நிம்மதியாகப் பாயை விரித்தேன்.

முதல் நாள் மாலை பெட்டி ஒன்பது காட்டியது. எல்லை நாலு. மறுநாள் காலை இருபத்தாறு. நெஞ்சு அடைத்தது, நாக்கு வறண்டது. (காற்றில்லாத வீட்டில் மே மாதம் உட்கார்ந்தால் யாருக்கும் அப்படித்தான் இருக்கும் என்பது அப்போது தோன்றவில்லை.) மூச்சைக் குறைத்தால் உள்ளே போவதும் குறையும் என்று கணக்குப்போட்டு, அரை மூச்சாக விட்டேன். தலை சுற்றியது. அதையும் அறிகுறியாகச் சேர்த்துக்கொண்டேன். காப்பீட்டுப் பத்திரம் எந்த அலமாரியில் இருக்கிறது என்று சோதனைப் படிவத்தின் பின்னால் விசாலத்துக்கு எழுதி வைத்தேன். சாவதா, இந்த வீடும் வேண்டாம் என்று அவளிடம் போய்ச் சொல்வதா, எது அதிகப் பயம் என்று எனக்கே தெரியவில்லை.

மதியம் நாற்பத்தொன்று.

பனியனோடு தெருவுக்கு ஓடினேன். "எல்லாரும் வெளிய வாங்க. வீட்டுக்குள்ள இருக்காதீங்க."

கஸ்தூரி முதல் ஆளாக வந்தார். "வந்துட்ச்சா சார்?"

"வந்துடுச்சு. நாற்பத்தொண்ணு."

"நாப்பத்தியோரு பேரா?" என்று அவர் நெஞ்சில் கைவைத்துக்கொண்டார்.

முனுசாமி சொன்ன இன்னொரு பார்ட்டி அந்த நேரம் பார்த்து மனைவிக்கு வீட்டைக் காட்ட வந்திருந்தார். தெரு முழுக்க வெளியே நிற்பதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை, வண்டியைத் திருப்பிவிட்டார்.

வித்யாவைப் போனில் கூப்பிட்டேன். தூக்கக் கலக்கத்தில் கேட்டாள்: "நாற்பத்தொண்ணு சரி. எந்த அலகுல?"

"பன்னாட்டு அலகுல. நான்தான் மாத்தினேன்."

"முப்பத்தேழால வகுங்கப்பா. நான் சொன்ன நாலு அமெரிக்க அலகுல."

வகுத்தேன். ஒன்று, கொஞ்சம் சில்லறை. எல்லையில் கால்பங்கு சொச்சம். அதுவும் மூட்டை கட்டிய மாதிரி மூடிய வீட்டில். அலகு எழுதாத அறிக்கைகளை முப்பத்திரண்டு வருடம் விட்டெறிந்தவன் தெருக்குழாயின் திண்டில் உட்கார்ந்துவிட்டேன்.

மாலை முனுசாமி வந்தார், விசாலமும் வந்தாள்.

"அந்த பார்ட்டி போன எடுக்கல. புரோக்கரு இந்தத் தெருவுக்கே வர மாட்டேன்றான். ஊருக்கே பயத்த காட்டிட்டீங்களே சார், இனிமே இந்த ஊட்ட யாரு வாங்குவா?"

நான் முப்பத்தேழை விளக்க ஆரம்பித்தேன். விசாலம் குறுக்கே வந்தாள். "நாங்க வாங்கறோம். பேசின விலையில ஒரு ரூபா குறைக்க வேண்டாம். பத்திரத்துக்குத் தேதி மட்டும் சொல்லுங்க." ஆய்வுப் பிரிவு பேனாவை எடுத்துத் தேதியைக் குறித்துக்கொண்டது.

அந்த வீட்டில்தான் இருக்கிறோம். இப்போதும் அமாவாசைக்கு அமாவாசை கஸ்தூரி எங்கள் கேட்டில் எலுமிச்சம்பழம் கட்டிவிட்டுப் போகிறார். யார் விருந்துக்கு வந்தாலும் விசாலம் காப்பியை நீட்டிக்கொண்டே சொல்வாள்: "பதினோரு வீட்டை நின்னு நிதானமாப் பார்த்து வேண்டாம்னார். இதுலேருந்து பனியனோட ஓடினார். அதனாலதான் எனக்கு வீடு கிடைச்சுது."