பொருத்தம் பார்த்த கம்ப்யூட்டர்

தொண்ணூற்று நான்கா ஐந்தா என்று இப்போது உறுதியாகச் சொல்ல முடியவில்லை. ஜெலுத்தோங் அடுக்குமாடி வீட்டில் கதிர்காமநாதனின் கம்ப்யூட்டர் பாதிப் பொருத்தத்தில் உறைந்து நின்றது மட்டும் நிச்சயம்.

பினாங்கு யாழ்ப்பாணத்தார் வீடுகளுக்கெல்லாம் கம்ப்யூட்டரில் ஜாதகம் பார்த்துக் கொடுப்பவர் அவர்தான். அன்று பார்த்தது சொந்த மகள் புஷ்பராணிக்கு. பையன் அவளோடு வேலை செய்பவன், அவளுக்கு மிகவும் பிடித்தவன். மாலையில் அவன் வீட்டார் பதில் கேட்டு வருகிறார்கள்.

முதலில் எட்டுப் பொருத்தம் என்றது. உறுதிசெய்ய மறுபடி தட்டினார், மூன்று என்றது. சூடாகிவிட்டதென்று மேசை விசிறியை அதன் பக்கம் திருப்பினார். கம்ப்யூட்டர் சற்று யோசித்து, புஷ்பராணிக்கு வயது நூற்று ஐம்பத்திரண்டு என்று அறிவித்துவிட்டு உறைந்தது.

"அப்படின்னா மாப்பிள்ள கொஞ்சம் சின்னவர்தான்," என்றாள் மனைவி தவமணி.

கம்ப்யூட்டர் கடை அலாவுதீனை வரவழைத்தார். மெமரி பழுது என்றான் அவன். தனக்குள் ஒரு தப்பு நேர்ந்தால் தானே கண்டுபிடித்துத் திருத்திக்கொள்கிற மெமரியும் இருக்கிறதாம். அதற்கேற்ற போர்டோடு கொண்டுவந்து மாட்டினான்.

"இனிமே நிக்காதுண்ணே. மாத்தி மாத்தியும் பேசாது."

மாற்றிப் பேசவில்லைதான். எத்தனை தடவை தட்டினாலும் ஒரே பதில்: பத்துக்கு இரண்டு. புஷ்பராணி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

கதிர்காமநாதனுக்குப் புது மெமரியின் மேலேயே சந்தேகம். விடை தெரிந்த கணக்கைக் கொடுத்துச் சோதிக்கலாமென்று தன் கல்யாணத்தையே எடுத்தார். சோதிடர் அன்று ஒன்பது பொருத்தம் என்று மெச்சிய ஜோடி. மனைவி பிறந்த நேரம் மறந்திருந்தது; கேட்டார். காய் நறுக்கியபடியே சொன்னாள்.

கம்ப்யூட்டர் ஒன்று என்றது. செய்யவே கூடாத கல்யாணம் என்றும் சேர்த்துச் சொன்னது.

"தம்பி, உன் மெமரிய கழட்டுலா."

அலாவுதீன் சோதித்துப் பார்த்தான். குறை எதுவும் இல்லை. "கொடுத்ததத்தான் கணக்குப் போடுதுண்ணே. தனக்குள்ள நேர்ற தப்பத்தான் அது திருத்தும், நாம கொடுக்குற தப்ப இல்ல."

தவமணி கத்தியைக் கீழே வைத்தாள்.

"அந்தத் தம்பிய ஏன் திட்டறீங்க? மெஷின் சரியாத்தான் சொல்லுது. அன்னைக்கு உங்க வீட்டுக்குக் கொடுத்த நேரம் எங்கப்பா திருத்தினது. இப்ப சொன்னதுதான் நான் பொறந்த நேரம்."

கீழே கார் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. கதிர்காமநாதன் மெல்ல நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, கீபோர்டில் விரல் வைத்தார்.

"புஷ்பா எத்தன மணிக்குப் பொறந்தா?"

"உங்களுக்கு எத்தன மணிக்கு வேணும்?"